கள்ளக்கடல்: கடற்கரைப் பஞ்சாயத்து உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு பாடம்

கடற்கரைக் கிராமங்களில் வேலை பார்க்கும் பஞ்சாயத்து உத்தியோகஸ்தர்களும், கிராம நிர்வாக அலுவலர்களும், மீன்துறைச் சிப்பந்திகளும், ஊர்க் கமிட்டியாரும் படித்துப் பயன்பெறும்பொருட்டு இப்பாடம் எழுதப்படுகிறது. புயலைப்பற்றியும் சுனாமியைப்பற்றியும் ஜனங்கள் ஓரளவு அறிவார்கள். காற்றுமின்றி மழையுமின்றி, வானம் தெளிந்திருக்கும் நாளில், கடல் திடீரென்று பொங்கிக் கரையேறும் விபத்தைப்பற்றி அறிந்தவர் சிலரே. கன்னியாகுமரி ஜில்லாவின் மேற்குக் கரையில், முட்டத்தையும் அதன் அக்கம் பக்கத்து ஊர்களையும் அடிக்கடி பாதிப்பது இவ்விபத்தே. இதன் இயல்பையும், எச்சரிக்கை வந்தவுடன் செய்யவேண்டிய காரியங்களையும் முறையே கூறுவோம்.

1. பெயரும் பொருளும்

கள்ளனைப்போல் சொல்லாமல் வருவதால் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வந்தது. இது கேரளக் கரையிலுள்ள மீனவர் வழங்கிய சொல். 2012-ம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இச்சொல்லையே விஞ்ஞான வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. மீனவர் வாய்மொழி உலகத்தார் ஏட்டில் இடம் பெற்றது நமக்குப் பெருமை தரும் விஷயம்.

கள்ளக்கடல் சுனாமியன்று; புயல் வெள்ளமுமன்று. சுனாமி கடலடியில் உண்டாகும் பூகம்பம் முதலியவற்றால் பிறக்கிறது. புயல் வெள்ளம் அருகிலுள்ள புயற்காற்று கடல்நீரைக் கரைக்குத் தள்ளுவதால் உண்டாகிறது. கள்ளக்கடலோ நெடுந்தூரத்துக்கப்பால் எங்கோ வீசிய காற்றினால் பிறந்த அலை, அக்காற்றைவிட்டுப் பிரிந்து, தானே பிரயாணம் செய்து நம் கரையை அடைவது. ஆகவே அது வரும்பொழுது நம் கரையில் காற்று இருக்கவேண்டுமென்பதில்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

2. அலை எங்கிருந்து வருகிறது?

இந்துமாக்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவைச் சூழ்ந்த பிரதேசத்தில், பலத்த காற்று ஓயாது வீசுகிறது. தாழ்வழுத்த மண்டலம் ஒன்று அங்கே பல நாள் நிலைத்து நின்றால், பெரும் அலைகள் எழுந்து வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. நமக்கும் அப்பிரதேசத்துக்கும் நடுவே தடுக்கும் நிலம் ஏதுமில்லை.

சாதாரணமாக உள்ளூர்க் காற்றினால் எழும் அலைகள் 6 முதல் 10 விநாடிக்கு ஒன்றாகக் கரையில் மோதும். தெற்கிலிருந்து வரும் நெடிய அலைகளோ 18 முதல் 20 விநாடி அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளியில் வரும். 20 விநாடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 56 கி.மீ. வேகத்தில், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 1,350 கி.மீ. செல்லும். எனவே அலை பிறந்த இடத்திலிருந்து நம் கரைக்கு வர ஐந்தாறு நாட்களாகும். எச்சரிக்கை செய்வதற்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் இதுவே. சுனாமியில் மணிக்கணக்கில் கிடைப்பது இங்கே நாட்கணக்கில் கிடைக்கிறது. அந்த அவகாசத்தை நாம் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

இத்தகைய அலையில் ஒரு முடிக்கும் அடுத்த முடிக்கும் நடுவேயுள்ள தூரம் ஆழ்கடலில் 600 மீட்டருக்கு மேற்பட்டது. அங்கே படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். படகிலுள்ளவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய, அவ்வலை நிமிர்ந்து உயர்ந்து, மிகுந்த நீரைச் சுமந்துகொண்டு வெகுதூரம் கரையேறுகிறது. ஏறிய நீர் திரும்பும்பொழுது ஆற்று வெள்ளத்தைப்போல் ஆளை இழுக்கிறது. அறிவிப்பில் அலையின் உயரம் ஒரு மீட்டர் என்று கண்டால் இவ்வளவுதானா என்று அலட்சியம் செய்யலாகாது. உயரத்துடன் இடைவெளியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில் இடைவெளி நீண்டதே அதிகத் தூரம் கரையேறும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலேற்றம் மிகும். இக்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிதல்ல. எனினும், நெடிய அலைகள் ஏற்ற நேரத்தில் வந்து சேர்ந்தால், தாழ்ந்த தெருக்களில் நீர் புகுந்துவிடும். சில வேளைகளில் அலை பொங்குமுன் கடல் உள்வாங்குவதுமுண்டு. உள்வாங்கிய கடலைப் பார்க்க ஜனங்கள் ஓடுவது பெரும் ஆபத்து.

3. முட்டம் கரையின் அமைப்பு

முட்டம் நாகர்கோவிலிலிருந்து சுமார் 16 கி.மீ. தூரத்தில், பாறை முனையின்மேல் அமைந்த மீனவ ஊர். முனையின் உச்சியில் கலங்கரை விளக்கம் நிற்கிறது. மேற்கே கடியப்பட்டணமும், அதற்கப்பால் குளச்சலும் உள்ளன. கிழக்கே பிள்ளைத்தோப்பு, அழிக்கால் முதலிய தாழ்ந்த மணற்கரை ஊர்கள் இருக்கின்றன. ஆகவே ஒரே அலை இங்கே இருவிதமான ஆபத்தை விளைவிக்கிறது.

பாறையுள்ள இடத்தில் நீர் வீட்டுக்குள் வராது. ஆனால் பாறைமேல் நிற்பவரை அலை வாரிக்கொண்டு போகும். நீண்ட இடைவெளி அலைகளில் பத்து நிமிஷம் வரையிற்கூடப் பாறை நனையாமல் இருக்கலாம்; பிறகு இரண்டு மூன்று பேரலைகள் சேர்ந்து வரும். பாறை உலர்ந்திருப்பதைக் கண்டு பத்திரமான இடமென்று வெளியூரார் எண்ணிவிடுகின்றனர். மணற்கரை ஊர்களிலோ ஆபத்து நேரே வீட்டு வாசலுக்கே வருகிறது. படகும் வலையும் என்ஜினும் அடித்துச் செல்லப்படுகின்றன. கிணற்றில் உப்பு நீர் கலக்கிறது. ஒரே உத்தரவு இவ்விரு இடங்களுக்கும் போதாது என்பதை உத்தியோகஸ்தர் உணரவேண்டும்.

4. 2024-ம் வருஷம் மே மாதத்துச் சம்பவம்

இவ்விஷயத்தில் நமக்குக் கிடைத்த கசப்பான படிப்பினை இது. 2024 ஏப்ரல் 26-ந் தேதி, இந்தியக் கரையிலிருந்து சுமார் 10,000 கி.மீ. தூரத்தில், தென் அட்லாண்டிக் சமுத்திரத்தில் இருந்த தாழ்வழுத்த மண்டலம் ஒன்று நகர்ந்து, 28-ந் தேதி தென் இந்துமாக்கடலில் புகுந்து, சுமார் 11 மீட்டர் உயரமுள்ள அலைகளை எழுப்பியது. அவ்வலைகள் மே 4-ந் தேதி அதிகாலையில் கேரளக் கரையையும் லட்சத்தீவின் மேற்குப் பக்கத்தையும் அடைந்தன. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) கேரளத்துக்கும் தென் தமிழ்நாட்டுக் கரைக்கும் எச்சரிக்கை வெளியிட்டது.

எனினும், மே 6-ந் தேதி, முட்டத்துக்குக் கிழக்கே கணபதிபுரத்தையடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். கடற்கரைக்குள் பார்வையாளர் செல்வது தடுக்கப்பட்டிருந்தது என்றும், அவர்கள் தென்னந்தோப்பு வழியாக உள்ளே சென்றனர் என்றும் போலீசார் அப்பொழுது தெரிவித்தனர்.

இதில் நாம் கவனிக்கற்பாலது யாதெனில், விஞ்ஞானம் தவறவில்லை; அறிவிப்பும் வெளியாயிற்று; வாயிலும் அடைக்கப்பட்டது. அப்படியிருந்தும் உயிர் போயிற்று. ஹைதராபாத்திலிருந்து ஜில்லாத் தலைநகரம் வரையில் வந்த செய்தி, தோப்பின் ஒற்றையடிப் பாதையில் நடந்து செல்லும் வெளியூராரின் காதுவரையில் எட்டவில்லை. அந்தக் கடைசி அரை மைல் தூரம் தாலுகா ஆபீஸின் பொறுப்பில் இருப்பதைவிடக் கிராம உத்தியோகஸ்தரின் பொறுப்பிலேயே அதிகமாக இருக்கிறது. கடற்கரைக்கு எத்தனை வழிகள் உண்டு என்பதை ஊரிலுள்ளவர்களே அறிவர்.

5. எச்சரிக்கை வரும் வழிகள்

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபொழுது இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை நிலையமே இல்லை. குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி முதலிய ஊர்கள் அதன் பலனை அனுபவித்தன. 2007 அக்டோபரில் இன்காய்ஸ் மையத்தில் அந்நிலையம் ஏற்பட்டது. கள்ளக்கடலை முன்கூட்டி அறிவிக்கும் தனி ஏற்பாடு 2020-ல் அதே மையத்தில் தொடங்கப்பட்டது.

அறிவிப்புக்கள் நிறங்களால் குறிக்கப்படுகின்றன. பச்சை ஆபத்தின்மையைக் காட்டும். மஞ்சள், கவனித்துக்கொண்டிருக்க வேண்டுமென்பதைக் காட்டும். ஆரஞ்சு, ஆயத்தமாயிருக்க வேண்டுமென்பதைக் காட்டும். சிவப்பு, உடனே செயல்பட வேண்டுமென்பதைக் காட்டும். இன்காய்ஸ் மையத்தின் 'சமுத்ரா' செயலியும், தமிழ்நாடு சர்க்காரின் 'டி.என்.ஸ்மார்ட்' செயலியும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியும் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும். பஞ்சாயத்துக் காரியதரிசியும் கிராம நிர்வாக அலுவலரும் இவற்றில் ஒன்றையேனும் தங்கள் கைப்பேசியில் வைத்திருத்தல் அவசியம். மேலிடத்து உத்தரவு வரும்வரையில் காத்திராமல், அறிவிப்பைத் தாமே பார்த்து ஆயத்தம் செய்வது நல்ல உத்தியோகஸ்தரின் லக்ஷணம்.

ஒருபொழுதும் மறக்கலாகாத மற்றொன்றுண்டு. 2017 நவம்பர் 29, 30-ந் தேதிகளில் ஒக்கிப் புயல் வந்தபொழுது இந்த ஜில்லாவின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கைப்பேசிக் கோபுரத்தின் சக்தி கரையிலிருந்து சில கடல் மைல்களோடு நின்றுவிடும். ஆகவே புறப்படுமுன் சொல்லப்படும் செய்தியே மீனவனுக்குப் பயன்படும் செய்தி. எந்தப் படகில் யார், எப்பொழுது சென்றார் என்ற கணக்குக் கரையில் இருக்கவேண்டும்.

6. சட்டம் விதிக்கும் கடமை

2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-வது பிரிவு ஸ்தல ஸ்தாபனங்களுக்கு நான்கு கடமைகளை விதிக்கிறது. சிப்பந்திகளுக்குப் பயிற்சி அளித்தல். சாதனங்களை எந்நேரமும் உபயோகிக்கத்தக்க நிலையில் வைத்தல். தன் எல்லைக்குள் நடைபெறும் கட்டட வேலைகள் விதிக்கப்பட்ட முறைக்கு இணங்கியிருக்கும்படி பார்த்தல். ஜில்லாத் திட்டத்தை அனுசரித்து நிவாரண வேலை செய்தல் என்பன அவை. ஆபத்தான இடத்துக்குள் ஜனங்கள் செல்வதைத் தடுக்கும் அதிகாரத்தை 34-வது பிரிவு, கலெக்டர் தலைமையிலுள்ள ஜில்லா ஆணையத்துக்கு அளிக்கிறது. கடற்கரையை மூடவேண்டுமென்று தோன்றினால், பஞ்சாயத்து தாசில்தார் மூலம் அவ்வுத்தரவைக் கேட்டுப் பெறலாம்.

பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் உள்ள காலத்தில் அவரும், இல்லாத காலத்தில் தனி அலுவலரும் இக்கடமைக்குப் பொறுப்பாளர். பதவியில் எவர் இருப்பினும் கடல் காத்திராது. ஆகவே கீழ்க்கண்ட ஏற்பாடுகள் ஆட்களை நம்பி நில்லாமல் ஏட்டில் எழுதப்பட்டு, ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிடப்படவேண்டும்.

7. முன்னதாகச் செய்யவேண்டியவை

(அ) கரைக்குச் செல்லும் எல்லா வழிகளையும் காட்டும் ஒரு படம் வரைக. பெரிய வாயிலை மட்டுமன்றித் தோப்புப் பாதை, வள்ளம் இழுக்கும் தடம், பாறைக்கு இறங்கும் படி ஆகியவற்றையும் குறிக்க. ஒவ்வொரு வழிக்கும் அருகில் குடியிருக்கும் ஒருவரின் சம்மதத்தைப் பெற்று, எச்சரிக்கை நாளில் அங்கே நிற்பதற்கு நியமிக்க.

(ஆ) தோப்புச் சொந்தக்காரரிடமும், விடுதி, டீக்கடை, வாடகைக் கார் நடத்துவோரிடமும் முன்னரே பேசி வைக்க. வெளியூரார் முதலில் சந்திப்பது இவர்களையே.

(இ) தமிழில் பெரிய எழுத்தில் பலகைகள் எழுதி வைக்க. மலையாளத்திலும் எழுதுதல் நலம். "ஆபத்து" என்று மட்டும் எழுதினால் வருஷம் முழுதும் நிற்கும் பலகையை எவரும் மதியார். எச்சரிக்கை நாளில் மட்டும் ஏற்றத்தக்க சிவப்புக் கொடியும், தேதி எழுதத்தக்க பலகையும் உபயோகமானவை.

(ஈ) கோயில் ஒலிபெருக்கியைக் குறித்துப் பங்குத் தந்தையுடனும் ஊர்க் கமிட்டியுடனும் உடன்பாடு செய்க. இக்கரையில் ஜனங்கள் நின்று கேட்பது அக்குரலையே. மின்சாரம் நின்றால் மணியடிப்பதா, தண்டோராப் போடுவதா என்பதும் தீர்மானமாயிருக்கவேண்டும்.

(உ) தாழ்ந்த தெருக்களில் முதியோர், நோயாளி, கர்ப்பிணி, நடக்க இயலாதவர் ஆகியோர் வீடுகளின் பட்டியல் ஒன்று தயாரிக்க. அவர்களை அழைத்துச் செல்பவரின் பெயரும் எதிரே எழுதப்படுக.

(ஊ) கயிறு, மிதவை வளையம், ஒலிபெருக்கிக் குழல், கைவிளக்கு ஆகியவற்றை மாதம் ஒரு முறை எடுத்துச் சோதிக்க.

கள்ளக்கடல் எம்மாதத்திலும் வரலாமாயினும், மழைக்காலத்துக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். பள்ளிக்கூட விடுமுறையும் சுற்றுலாக் கூட்டமும் அதே மாதங்களில் வருகின்றன. வருஷத்தில் நடக்கும் ஆறு கிராம சபைக் கூட்டங்களில் மார்ச் 22-ந் தேதிக் கூட்டம் இப்பருவத்துக்குச் சற்று முன்னால் அமைந்திருக்கிறது. மேற்கண்ட படத்தையும் பட்டியல்களையும் அக்கூட்டத்தில் வாசித்துத் திருத்திக்கொள்வது மிகவும் பொருத்தம்.

8. எச்சரிக்கை வந்தபின்

செய்தி வந்த நேரம், சொன்னவர், தெரிவிக்கப்பட்டவர்கள், தெரிவித்த நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறிக்க. பின்னர் கீழ்க்கண்டவாறு அறிவிக்கலாம்:

"ஊராருக்கு அறிவிப்பு. இன்று மாலை முதல் நாளை இரவு வரையில் கள்ளக்கடல் வரக்கூடும் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. காற்று இல்லாவிட்டாலும் அலை பொங்கும். பாறைமேல் ஏறவேண்டாம். கடலில் இறங்கவேண்டாம். கரையோரத் தெருவிலுள்ளவர்கள் முதியோரையும் குழந்தைகளையும் உள்ளூருக்கு அனுப்பிவிடுங்கள். படகுகளை மேலே ஏற்றிக் கட்டுங்கள்."

ஆரம்ப நேரமும் முடியும் நேரமும் அறிவிப்பில் கட்டாயம் இருக்கவேண்டும். நேரம் சொல்லாத எச்சரிக்கையை ஜனங்கள் ஒரு மணிக்குப்பின் மறந்துவிடுவர். காலக்கெடு நீட்டப்பட்டால் மறுபடியும் அறிவிக்கவேண்டும். முதல் நாள் ஒன்றும் நேராததால் இரண்டாம் நாள் ஜாக்கிரதை குறைவது மனித சுபாவம்.

படகு விஷயத்தில் ஒரு விசேஷமுண்டு. ஆழ்கடலில் இவ்வலையின் உபத்திரவம் மிகச் சொற்பம். அபாயம் கரையருகிலும் துறைமுக வாயிலிலுமே உள்ளது. ஆகையால் வெளியே உள்ள படகுகளை அவசரமாகக் கரைக்கு அழைப்பது சில வேளைகளில் அவற்றை அபாயத்துக்குள் அழைப்பதாக முடியும். மீன்துறை அதிகாரியைக் கலந்து கொண்டே இதைத் தீர்மானிக்கவேண்டும். துறைமுகத்தில் கட்டியுள்ள படகுகள் ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளிவிட்டு நிறுத்தப்படவேண்டும்.

சந்தேகமுள்ளபொழுது அலையை எண்ணிப் பார்க்கலாம். உயரமான பத்திரமான இடத்தில் நின்று, ஒரு அலை உடைவதிலிருந்து பத்தாவதாக அதைத் தொடரும் அலை உடையும்வரையில் ஆகும் விநாடிகளைக் கணித்துப் பத்தால் வகுக்க. விடை 16-க்கு மேற்பட்டால் நெடிய அலை வந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். இது மனத்தெளிவுக்காகவே, இதை வைத்து மையத்தின் எச்சரிக்கையைத் தள்ளிவிடலாகாது.

9. ஒருவர் அலையில் சிக்கினால்

பயிற்சியில்லாதவர் பின்னால் குதிக்கலாகாது. ஒருவரைக் காப்பாற்றப் போய்ப் பலர் மாள்வது இவ்வாறே. கயிறு, மிதவை, காலிப் பிளாஸ்டிக் கேன் ஆகியவற்றை வீசி எறிக. சிக்கியவர் இழுக்கும் நீரை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தவேண்டுமென்று உரக்கச் சொல்லுக. கரை சேர்க்கப்பட்டவர் மூச்சின்றி இருந்தால் தலைகீழாகச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மல்லாத்தி வாயோடு வாய் வைத்து ஊதியும், மார்பின் நடுவே 30 தடவை அழுத்துவதற்கு 2 தடவை ஊதுவது என்ற கணக்கிலும், ஆம்புலன்ஸ் வரும்வரையில் விடாது செய்க. ஊருக்குச் சிலரேனும் இதில் பயிற்சி பெற்றிருத்தல் அவசியம்.

கூப்பிடவேண்டிய எண்கள்: ஜில்லாக் கட்டுப்பாட்டு அறை 1077, மாகாணக் கட்டுப்பாட்டு அறை 1070, கடலோரக் காவற்படை 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093, பொது அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108.

10. பின்னர்

நீர் வடிந்தபின் கிணறுகளை இறைத்து உப்பு நீங்கும்வரையில் குடிநீர் லாரி ஏற்பாடு செய்க. சேதமான படகு, வலை, வீடு ஆகியவற்றைப் புகைப்படத்துடன் குறித்து, தாமதமின்றித் தாசில்தாருக்கும் மீன்துறைக்கும் அனுப்புக. நீர் எந்தத் தெருவில் எதுவரை வந்தது என்பதைச் சுவரில் கோடிட்டுத் தேதி எழுதி வைப்பது அடுத்த தடவைக்குப் பெரிதும் உதவும். தூண்டில் வளைவும் கடற்சுவரும் வேண்டுமென்று மனுச் செய்யும்பொழுது அக்கோடுகளே சிறந்த சாட்சியம்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் பஞ்சாயத்தில் கடலுக்குச் செல்லும் வழிகள் எத்தனை? எச்சரிக்கை நாளில் ஒவ்வொன்றிலும் நிற்பவர் யார்?
2. இரவு 2 மணிக்குச் செய்தி வந்தால் ஒலிபெருக்கி அறையின் சாவி யாரிடம் இருக்கும்?
3. கரையோரத் தெருவில் பிறர் துணையின்றி வெளியேற இயலாதவர் எத்தனை பேர்?
4. கள்ளக்கடல் வரும் நாளில் ஆழ்கடலிலுள்ள படகை உடனே அழைப்பது ஏன் எப்பொழுதும் நன்மையாகாது?

இவற்றில் முதல் மூன்று வினாக்களுக்கும் புஸ்தகத்தில் விடை கிடையாது. ஊரைச் சுற்றிப் பார்த்தே எழுதவேண்டும். ஒரு நாள் மாலை இரண்டு மணி நேரம் செலவிட்டால் எழுதி முடித்துவிடலாம். அதற்கு மேலிடத்து அனுமதியும் வேண்டியதில்லை. பணச் செலவும் சொற்பமே. அடுத்த ஏப்ரல் மாதத்துக்கு முன் ஒவ்வொரு கடற்கரைப் பஞ்சாயத்தும் இவ்வேலையை முடித்து வைக்குமென்று நம்புகிறோம்.